ஆறு பேரும் நாமும்

அலுவலகத்திலோ தொழிலகத்திலோ ஒருவர் பதவி உயர்வு பெற்றால் அவரை வாழ்த்துகிறோம். வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. கோவிலில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. சம்பளம் எவ்வளவு கூடிற்று என்று உறவினர் விசாரிக்கிறார்கள். இனி எத்தனை பேர் உன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நம்மையும் எவரும் கேட்கவில்லை.

சூசையப்பர் மாதமாகிய மார்ச்சில், 1976ஆம் ஆண்டு, தென்பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு நகரத்து அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் பகுதிக்கு நாம் போர்மேனாக அமர்த்தப்பட்டோம். அப்போது நமக்கு முப்பது வயது. நம் பொறுப்பில் ஆறு பேர். ஆறு என்பது பெரிய எண்ணிக்கையன்று. காலை முதல் மாலை வரை தனியாளாய் அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்த மோயீசனுக்கு அவருடைய மாமனார் கூறிய ஆலோசனையை யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் எனத் தலைவர்களை ஏற்படுத்திக்கொள்ளும்படி அம்முதியவர் சொன்னார். அந்தக் கணக்கின் கடைசிப் படியைக்கூட நாம் எட்டவில்லை. ஆயினும் அந்நாள்களில் நம் நடையில் ஆயிரம் பேருக்குத் தலைவரின் மிடுக்கு இருந்ததாக நம் இல்லத்தரசி பின்னாளில் பலமுறை சொல்லிக் காட்டியதுண்டு.

இக்காலத்து இளைஞர்க்கு எழுத்துக் கோத்தல் என்றால் என்னவென்று விளக்கவேண்டியிருக்கிறது. காரீயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த எழுத்துகள், கேஸ் எனப்படும் சாய்வான மரத்தட்டில் அறையறையாய்ப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். தமிழுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் வேண்டும். கோப்பவர் இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாய் எடுத்து, தலைகீழாய், இடமிருந்து வலமாய் அடுக்குவார். கண் பிரதியில் இருக்கும். கை தானே அறையைத் தேடிச் செல்லும். அடுக்கிய வரிகள் கேலியில் சேரும். மை தடவி மெய்ப்பு எடுத்துத் திருத்தியபின் பக்கமாய்க் கட்டி இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அச்சாகித் திரும்பிய எழுத்துகளை மீண்டும் அதனதன் அறையில் பிரித்துப் போடவேண்டும். புதிதாய்ச் சேரும் பையனுக்கு முதற்பாடம் இந்தப் பிரித்துப் போடுதல்தான். ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் நாளை வேறொருவருடைய வரியில் பிழையாய் முளைக்கும். ஒருவரின் கவனக்குறைவை மற்றொருவர் சுமக்கும்படி அமைந்த தொழில் அது.

ஆறு பேரில் மூத்தவர் அண்ணாச்சி. அவருக்கு ஐம்பது வயது. அவற்றில் முப்பது ஆண்டுகளைக் கேஸின் முன் நின்றே கழித்தவர். நியாயப்படி போர்மேன் வேலை அவருக்கே வந்திருக்க வேண்டும். நாம் பள்ளியிறுதி வகுப்புத் தேறியவர், ஆங்கிலப் பிரதியும் பார்க்கத் தெரிந்தவர் என்பதால் முதலாளி நம்மைத் தேர்ந்துகொண்டார். அண்ணாச்சி அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர் சொல்லாததே நம்மை உறுத்தியது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சானதையும், அண்ட்ரிக் அடிகளார் அதை உருவாக்கியதையும், அதில் பதினாறே பக்கங்கள் இருந்ததையும் நேற்று நடந்ததுபோல் அவர் விவரிப்பார். “அன்றைக்கு அந்த எழுத்தைக் கோத்தவன் பெயர் யாருக்குத் தெரியும், தம்பி?” என்று முடிப்பார். அவருடைய குறை நமக்கு அதில் மட்டும் கேட்கும்.

கடைசியாகச் சேர்ந்தவன் ஒரு பையன். அநாதை இல்லத்தில் வளர்ந்தவன், பதினாறு வயது, மெலிந்த தேகம், கை வேகம். மற்ற நால்வரும் நல்ல உழைப்பாளிகள். அவர்களைப்பற்றித் தனித்தனியே எழுதப் புகின் இவ்விதழ் போதாது.

நாம் எப்படித் தலைமை தாங்கினோம்? உண்மையைச் சொல்வதானால், அச்சத்தால் தாங்கினோம். அச்சம் அவர்களுக்கு மட்டுமன்று; அண்ணாச்சியின் இடத்தில் நிற்கிறோம் என்ற அச்சம் நமக்கும் இருந்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினோம். ஒருநாள் அந்தப் பையன் கட்டி முடியாத கேலி ஒன்றைத் தூக்கிச் செல்கையில் கால் இடறினான். இரண்டு பக்க எழுத்துகள் தரையில் சிதறின. எல்லார் முன்னிலையிலும் நாம் போட்ட கூச்சல் தெருவரை கேட்டது. சிதறியவற்றை அவனே பொறுக்கிப் பிரிக்கவேண்டும், அதுவரை வீடு செல்லக் கூடாது என்று ஆணையிட்டோம். இரவு ஒன்பது மணிவரை அவன் தரையில் குந்தியிருந்தான். ஆணையிட்ட நாம் ஆறு மணிக்கே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டோம். அண்ணாச்சி ஒன்பது மணிவரை அவனோடு இருந்து பிரித்துப் போட்டார் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தோம்.

அடுத்த ஆண்டு ஒரு குருப்பட்ட அழைப்பிதழ் அச்சுக்கு வந்தது. ஆயிரம் படிகள். கோத்தவன் அந்தப் பையன். முதல் மெய்ப்பில் ஒரு பெயரில் பிழை இருந்தது. அதைக் குறித்துத் திருப்பினோம். அவன் திருத்தி இரண்டாம் மெய்ப்பைக் கொண்டுவந்தபோது மாலை நேரம். நாம் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தோம். குறித்த இடத்தை மட்டும் பார்த்தோம், பெயர் சரியாக இருந்தது, கீழே கையெழுத்திட்டோம்.

பெயரைத் திருத்த வரியைத் தூக்கியபோது பக்கத்து வரியும் சரிந்துவிட்டது என்பதும், அதை அவன் அவசரமாய் எடுத்து அடுக்கினான் என்பதும், அடுக்குகையில் 12 என்னும் தேதி 21 ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியாது. கிழமை சரியாகவே இருந்தது. தேதியும் கிழமையும் பொருந்தாததைக் கண்டு குருமாணவரின் வீட்டார் ஓடிவந்தபோது பாதிக்கு மேல் தபாலில் போய்விட்டிருந்தன. முதலாளி தம் செலவில் புதிதாய் அச்சிட்டுக் கொடுத்தார். திருத்தக் கடிதங்களும் அனுப்பப்பட்டன. ஆனால் தொலைவில் பிழைக்கச் சென்றிருந்த ஒரு குடும்பத்துக்கு அக்கடிதம் போய்ச் சேரவில்லை. குருமாணவரைச் சிறுவயதில் தூக்கி வளர்த்த அத்தை அவர். தேதியை நம்பி, பிள்ளைகளோடு இரயிலேறி, பந்தல் பிரித்த பிறகு வந்து இறங்கினார். புதுக்குருவானவர் அதற்குள் தமக்குக் குறிக்கப்பட்ட பங்குக்குச் சென்றுவிட்டிருந்தார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எந்த அழைப்பிதழைக் கையில் எடுத்தாலும் அந்த அம்மையார் நம் நினைவுக்கு வருகிறார். அவரை நாம் பார்த்ததில்லை.

“யார் கோத்தது?” என்று முதலாளி கேட்டார். நாம் பையனின் பெயரைச் சொன்னோம். அது பொய்யன்று. அவனுக்கு மாதச் சம்பளம் தொண்ணூறு ரூபாய். அதில் முப்பது பிடிக்கப்பட்டது. அவன் தலைகுனிந்து நின்றான். மெய்ப்பின் அடியில் இருந்த கையெழுத்தைப்பற்றி முதலாளி கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அன்றிரவு உணவு இறங்கியது, உறக்கமும் வந்தது. இதை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

மூன்றாம் நாள் பகலுணவுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தோம். காரீயம் பட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது என்பது அண்ணாச்சி வகுத்த சட்டம். அவர் நம் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில், “தம்பி, கோத்தவன் பெயரைச் சொன்னீர்கள். பார்த்தவர் பெயரை யார் சொல்லுவது?” என்றார். பதிலை எதிர்பாராமல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றோம். கோபம், பொய், ஞாயிறு கடனில் அசட்டை என்று வழக்கமான வரிசையில் சொல்லிக்கொண்டே வந்து, இதையும் இடையில் சொருகிவிட்டுக் கடந்துபோகப் பார்த்தோம். பங்குத்தந்தை நம்மை நிறுத்தினார். “அந்த முப்பது ரூபாய் இப்போது யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். களவுக்குப் பரிகாரம் மனத்துயர் மட்டுமன்று, பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் ஆகும் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் சிறுவயதில் ஒப்பித்திருக்கிறோம். முப்பது ரூபாயைத் திருப்பலாம். எல்லார் முன்னிலும் அவனிடமிருந்து எடுத்ததை எங்கே திருப்புவது? எல்லார் முன்னிலும்தான்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சென்று, மெய்ப்பை முழுவதும் பாராமல் கையெழுத்திட்டது நாமே என்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அன்றைக்கே சொல்லியிருந்தால் உமக்குப் பதினைந்து, அவனுக்குப் பதினைந்து என்று பிடித்திருப்பேன். இப்போது உமக்கே முப்பது” என்றார். அவர் கணக்கு நியாயமானது. அங்கிருந்து வந்து கேஸ்களுக்கு நடுவே நின்று, ஆறு பேரிடமும் நடந்ததைச் சொன்னோம். நாக்கு உலர்ந்துவிட்டது. ஒருவரும் பாராட்டவில்லை. பையன் நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதைகளில் வருவதுபோல் கண்ணீரும் தழுவலும் நிகழவில்லை.

அன்று மாலை அவனைத் தனியே அழைத்துக் கேட்டோம்: “வரி சரிந்ததை நம்மிடம் ஏன் சொல்லவில்லை?” வெகுநேரம் மௌனமாய் இருந்துவிட்டு, “கேலி விழுந்த அன்றைக்கு சொன்னேனே ஐயா” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அந்த அழைப்பிதழின் பிழை கோத்த அன்று பிறக்கவில்லை. பல மாதங்களுக்கு முன் நாம் கூச்சலிட்ட நாளிலேயே பிறந்துவிட்டது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இதன்பின் இரண்டு காரியங்கள் செய்தோம். மெய்ப்பின் அடியில் கோத்தவரும் பார்த்தவரும் கையெழுத்திடவேண்டும், பார்த்தவருடையது முதலில் இருக்கவேண்டும் என்பது ஒன்று. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி ஆணியில் தொங்கவிட்டு, அவரவர் கண்ட தம் பிழையைத் தாமே அதில் எழுதலாம், எழுதியவரை ஒரு சொல்லும் சொல்லமாட்டோம் என்றது மற்றொன்று. இரண்டு வாரம் நோட்டு வெறுமையாய்க் கிடந்தது. முதலில் நம் பிழை ஒன்றை நாமே எழுதினோம். அடுத்து எழுதியவர் அண்ணாச்சி. மூன்றாவது அந்தப் பையன். அடுத்த மாதம் நோட்டைப் புரட்டிய முதலாளி திடுக்கிட்டார். நம் பகுதியில் பிழைகள் பெருகிவிட்டனவே என்றார். பெருகவில்லை, ஒளிந்திருந்தவை வெளியே வந்தன என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து திரும்பிவரும் வேலைகள் குறைந்ததைக் கண்டபின் நோட்டைப்பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை அறிவித்தது. றா, ணா, னா முதலியனவும் ணை, லை, ளை, னை ஆகியனவும் பழைய கூட்டுருவை விட்டுப் பொதுவான கால், கொம்புகளோடு எழுதப்படலாயின. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். நம் அச்சகம் 1980இல் புது முறைக்கு மாறிற்று. படிப்பவர்க்கு அது சிறிய மாற்றம், கோப்பவர்க்கு அப்படியன்று. றொ, றோ போன்ற ஆறும் முன்பே கொம்பும் உருவுமாய்ச் சேர்த்துக் கோக்கப்பட்டவை. ஆகவே கேஸில் காலியானவை ஏழு அறைகளே. ஆனால் அந்த ஏழு அறைகளுக்கும் அண்ணாச்சியின் விரல்கள் முப்பது ஆண்டுகளாய்ப் போய்வந்துகொண்டிருந்தன. வரிக்கு ஒருமுறையேனும் அவர் கை வெற்றறையில் விழும், திடுக்கிட்டு நிற்கும். மற்றொரு தொல்லையும் இருந்தது. காலும் ஐகாரக் கொம்பும் முன்னைவிட மிகுதியாய்த் தேவைப்பட்டதால் பாதி வேலையில் தீர்ந்துபோகும். பையன் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான். அண்ணாச்சியின் வேகம் பாதியாயிற்று. “பழைய ஆள், பழைய எழுத்தோடு போகவேண்டியதுதான்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சியைவிட அட்டவணை கோப்பதில் வல்லவர் அவ்வட்டாரத்தில் இல்லை. குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். பையனுக்கு அட்டவணை வராது. இருவரையும் ஒரே கேஸ் முன் நிறுத்தி, அவனுக்கு அட்டவணை கற்றுக் கொடுக்கும்படி அண்ணாச்சியை வேண்டினோம். அவர் கற்றுக் கொடுக்கையில், அவன் அவர் கை வெற்றறைக்குப் போகுமுன் காலையும் கொம்பையும் எடுத்து அருகில் வைப்பான். வாய் திறந்து சொல்லமாட்டான். அப்படிச் செய்யும்படி நாம் அவனுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவர் விரல்கள் புது வழியைக் கற்றுக்கொண்டன. நம் இருபதாண்டுப் போர்மேன் வாழ்வில் மனநிறைவு தந்தது எது என்று யாரேனும் கேட்டால், ஒரே கேஸின் முன் நின்ற அவ்விருவரின் முதுகுகளையே சொல்வோம்.

இப்படிப்பட்ட சம்பாத்தியம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறுவதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் வேலை குவியும்போது, நாம் கேளாமலே இரவு தங்கினார்கள். நம் மகளுக்கு டைபாய்டு கண்டு பதினைந்து நாள் விடுப்பெடுத்தபோது ஒரு வேலையும் தவறாமல் நடந்தது. திரும்பி வந்தபோது நாம் இல்லாமலும் நடக்கிறதே என்று முதலில் சிறிது வருத்தமும், பிறகு பெரிய நிம்மதியும் உண்டாயின. 1981ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப்பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். இளமையில் கற்குழியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்தவர் அவர். செய்யப்படும் பொருளைவிடச் செய்கிற மனிதனே மேலானவன் என்பது அம்மடலின் அடிநாதம். பங்குத்தந்தை மறையுரையில் அதை விளக்கியபோது, கோவிலின் பின்வரிசையில் நின்ற அண்ணாச்சி நம் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

1983இல் பையனுக்கு மதுரையில் பெரிய அச்சகமொன்றில் இடம் கிடைக்கும் வாய்ப்பு வந்தது. நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தான். அவன் போனால் நம் வேலை திண்டாடும் என்பது தெரியும். ஒரு நாள் முழுவதும் கடிதத்தை எழுதாமல் இழுத்தடித்தோம். மறுநாள் எழுதினோம்; உள்ளதையெல்லாம் எழுதினோம். “ஆளை உருவாக்கி ஊருக்கு அனுப்புகிறீரா?” என்று முதலாளி சினந்தார். புறப்படும் நாளில் அவன் ஆணியில் தொங்கிய நோட்டைக் கேட்டு வாங்கிச் சென்றான். அதற்குள் அது நான்காவது நோட்டு.

பின்னர் ஆப்செட் வந்தது, கணினி வந்தது. 1996இல் நம் அச்சகத்துக் கேஸ்கள் எடைக்கு விற்கப்பட்டன. காரீயத்துக்கு நல்ல விலை கிடைத்ததாம். மரத்தட்டுகளை அடுப்புக்கு வாங்கிச் சென்றார்கள். அண்ணாச்சி அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். தம் ஸ்டிக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசைத்தட்டில், சூசையப்பர் சுரூபத்தின் அருகில் வைத்திருந்தார்.

2009ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அச்சிடும் பொறுப்பை வீட்டார் நம்மிடம் விட்டார்கள். நாம் நேரே அந்தப் பையனிடம் சென்றோம். பையனென்று எழுதுகிறோம், அப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது, தலை நரைத்திருந்தது. ஊர் திரும்பிப் பேருந்து நிலையத்தருகே கணினி அச்சகம் நடத்திவந்தான். மூன்று பேர் வேலை செய்தார்கள். சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டுத் தொங்கிற்று.

அட்டையை உருவாக்கியது சேர்ந்து சில மாதங்களேயான ஒரு பெண். மெய்ப்பை அவளே கொண்டுவந்து தந்தாள். அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. இரண்டாவது இடத்தில் அவள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள். “பார்க்கிறவர் நீங்கள்தான் ஐயா” என்று அவன் பேனாவை நம்மிடம் நீட்டினான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தோம். ‘அன்னாரின்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘அண்ணாரின்’ என்று இருந்தது. வட்டமிட்டுக் காட்டினோம். அப்பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “எல்லாரும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றே சொன்னார்கள் ஐயா, அதனால் அதுதான் சரி என்று நினைத்துவிட்டேன்” என்றாள். அவன் சிரித்தான், நமக்கும் சிரிப்பு வந்தது. அவள் நோட்டை எடுத்து எழுதிவிட்டுப் போய்த் திருத்தி, வேறொரு படியைக் கொண்டுவந்தாள். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சிலுவைக் குறியிலிருந்து கடைசி வரிவரை ஒவ்வோர் எழுத்தாய் வாசித்துவிட்டு முதல் இடத்தில் கையெழுத்திட்டோம்.